ஹான் ஆற்றுப் பனியும் வாசற்படிப் பெட்டியும்

ஊர்ப் பெயர்கள் எளிதில் அழிவதில்லை. தொழில் மறைந்தாலும், தொழில் செய்தோர் மறைந்தாலும், கட்டடமே மண்ணோடு மண்ணாகிப் போனாலும், பெயர் மட்டும் நின்று பழைய கதையைக் கூறிக்கொண்டிருக்கும். சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1842-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற ஒரு கட்டடத்தில், அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்தார்கள். இன்று அங்கே பனிக்கட்டி இல்லை. அது விவேகானந்தர் இல்லமாகத் திகழ்கின்றது. ஆயினும் அப்பகுதி மக்களுக்கு அது இன்றும் ‘ஐஸ் ஹவுஸ்’தான்.

கொரியக் குடியரசின் தலைநகராகிய சியோலிலும் இப்படி ஒரு பெயர் உண்டு என்பதை அங்குச் சென்றபோதுதான் நாங்கள் அறிந்தோம். நகரின் நடுவே கிழக்கு மேற்காக ஓடும் ஹான் ஆற்றின் வடகரையில் ‘சொபிங்கோ’ என்றொரு பகுதி இருக்கின்றது. இரயில் நிலையத்துக்கும் அதே பெயர். ‘சொ’ என்றால் மேற்கு. ‘பிங்கோ’ என்றால் பனிக்கட்டிக் கிடங்கு. மேற்குப் பனிக்கட்டிக் கிடங்கு என்பது பொருள். அதற்கு அருகிலேயே ‘தோங்பிங்கோ’, அதாவது கிழக்குப் பனிக்கட்டிக் கிடங்கு என்னும் பகுதியும் உள்ளது. நாங்கள் அங்கே சென்று பார்த்தபோது கண்டவை உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளும், இடைவிடாது விரையும் வண்டிகளும், கிடங்கு இருந்த இடத்தைக் குறிக்கும் சிறு கல் ஒன்றுமே. அக்கல்லின் முன் நின்றபோது, இந்நகர மக்கள் குளிரைக் காத்துப் பகிர்ந்த வரலாறு எவ்வளவு நீண்டது என்பதைச் சிந்திக்கலானோம். அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றிலிருந்து அரண்மனைக்கு

ஜோசன் அரச மரபு தன் தலைநகரை இங்கே அமைத்த சில ஆண்டுகளுக்குள், 1396-இல், இவ்விரு கிடங்குகளும் தோன்றின. மார்கழி, தை மாதங்களில் ஹான் ஆறு உறைந்து கிடக்கும். அப்பொழுது ஆற்றின் மேலுள்ள பனியைப் பாளம் பாளமாக அறுத்துக் கரையேற்றிக் கிடங்கில் அடுக்குவார்கள். கிழக்குக் கிடங்கின் பனிக்கட்டி அரச குலத்து முன்னோர் வழிபாட்டுக்கு உரியது. மேற்குக் கிடங்கு அதனினும் பன்மடங்கு பெரியது. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாளங்களைக் கொள்ள வல்லது. அது அரண்மனைச் சமையற்கூடத்துக்கும் உயர் அலுவலர்களுக்கும் உரியதாயிற்று. கோடையில் பனிக்கட்டி பெறுவது அக்காலத்தில் அரசன் அளிக்கும் சிறப்பாகக் கருதப்பட்டது.

சியோலின் கிடங்குகள் மரத்தால் ஆனவை. ஆதலால் சுவடின்றி அழிந்தன. கல்லால் கட்டிய ஒன்றைக் காண வேண்டுமாயின், தெற்கே கியோங்ஜு நகருக்குச் செல்ல வேண்டும். பழைய சில்லா அரசின் தலைநகர் அது. அவ்வரசில் 505-ஆம் ஆண்டிலேயே பனிக்கட்டி சேமிக்க ஆணை பிறந்ததாக அந்நாட்டு வரலாற்று நூல் கூறுகின்றது. இப்பொழுது அங்கே நிற்கும் கற்கிடங்கு 1738-இல் கட்டப்பெற்றது. தூரத்திலிருந்து பார்ப்போருக்கு அது புல் முளைத்த ஒரு மண்மேடு போலவே தோன்றும். அருகில் சென்றால்தான் வாயில் தெரியும். கம்பிக் கதவின் வழியே உள்ளே எட்டிப் பார்த்தோம். பாதி நிலத்துக்குள் இறங்கிய அறை, கருங்கல் வளைவுகள், வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேற முகட்டில் துளைகள், உருகிய நீர் தேங்காமல் ஓடிவிடச் சாய்வான தரை. கூரையின் மேல் கனத்த மண். பனிப் பாளங்களைச் சுற்றி வைக்கோல். இவ்வளவே அதன் நுட்பம்.

இக்கிடங்கு குளிரை உண்டாக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகின்றோம். குளிரை உண்டாக்கியது குளிர்காலம். மனிதன் செய்தது அதைக் காத்தது மட்டுமே. மண்ணும் வைக்கோலும் சாய்வான தரையும் சேர்ந்து, தை மாதத்துக் குளிரை ஆடி மாதம் வரை கைவிடாமல் வைத்திருந்தன. குளிரை உண்டாக்குவது வேறு. உண்டான குளிரைச் சிந்தாமல் காப்பது வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால், இன்றைய சியோல் எதிர்கொள்ளும் சிக்கலும் அதற்கு அவர்கள் தேடும் தீர்வும் எளிதில் விளங்கும்.

விடியுமுன் வந்த பெட்டிகள்

சியோலில் எங்களுக்கு இடமளித்தது நம் ஊரைச் சேர்ந்த ஒரு பொறியாளரின் குடும்பம். அவர்கள் வாழ்வது பத்தொன்பதாம் மாடியில். அந்நாட்டுக் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை இத்தகைய அடுக்குமாடிகளில்தான் வாழ்கின்றன. முதல் நாள் இரவு உணவு முடிந்தபின், வீட்டுத் தலைவி தம் கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினார். “நாளைக்குக் காலையில் மீன் குழம்பு, அண்ணா” என்றார். மணி அப்பொழுது பத்தரை. அந்த நேரத்தில் மீன் எங்கிருந்து வரும் என்று நாங்கள் வியந்தோம். “காலையில் கதவைத் திறந்து பாருங்கள்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தோம். வாசற்படியில் மூன்று பெட்டிகள். ஒன்றில் கீரையும் முட்டையும், மற்றொன்றில் மீன், மூன்றாவதில் உறைந்த இறால். நடையின் இருபுறமும் நோக்கினோம். ஏறக்குறைய எல்லா வாசல்களிலும் ஏதாவதொரு பெட்டியோ பையோ இருந்தது. யாரும் காவல் இல்லை. யாரும் எடுத்துச் செல்வதுமில்லை.

‘விடியற்காலை விநியோகம்’ என்று வழங்கும் இம்முறையைப் பெரிய அளவில் பரப்பியது கர்லி என்னும் நிறுவனம். 2015-இல் அது இச்சேவையைத் தொடங்கிற்று. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘விடிவெள்ளி விநியோகம்’ என்று பொருள்படும். இரவு பதினொரு மணிக்குள் பதிவு செய்தால் காலை ஏழு மணிக்குள் பொருள் வாசலில் இருக்கும். பின்னர்க் கூபாங் முதலிய பெரிய நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கும், கைக்குழந்தையுடைய தாய்மார்க்கும் இது பேருதவியாயிற்று. அரசன் அளிக்கும் சிறப்பாயிருந்த பனிக்கட்டி, இன்று எளிய குடும்பத்தின் வாசலுக்கும் நாள்தோறும் வருகின்றது. இது நல்ல மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதற்கு யாரோ, எங்கோ ஒரு விலை கொடுக்கத்தானே வேண்டும்?

மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, அவ்வீட்டுச் சிறுவன் பெட்டிகளைப் பிரித்து அடுக்கினான். தாளட்டை ஒருபுறம், நெகிழிப் பை ஒருபுறம், பனிக்கட்டிப் பைகள் ஒருபுறம். மூன்று பேருக்கான மீனைக் குளிராக வைத்திருக்க வந்த பொதிகளின் குவியல், மீனைவிடப் பல மடங்கு பெரிதாயிருந்தது.

கதவு திறக்கும் வரை

இவ்வளவு பொதி எதற்கு? இதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும்.

கிடங்கிலிருந்து வீதி வரை பொருள் குளிர்பதன வண்டியில் வருகின்றது. அதுவரை கவலையில்லை. வண்டிக்காரர் பின்னிரவு மூன்று மணிக்குப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். வீட்டாரோ ஏழு மணிக்குத்தான் கதவைத் திறக்கிறார்கள். இடைப்பட்ட நான்கு மணி நேரம் அப்பெட்டி தன்னந்தனியே குளிரைக் காத்துக்கொள்ள வேண்டும். சியோலின் கோடையோ கடுமையானது. 2018 ஆகஸ்டு முதல் நாளன்று 39.6 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்கள் பல உண்டு. ஆகவே தடித்த பெட்டியும் நிறையப் பனிக்கட்டியும் தேவைப்படுகின்றன. சுருங்கக் கூறின், பெட்டியிலுள்ள பனிக்கட்டி மீனுக்காக மட்டும் அன்று. நாம் தூங்கும் நேரத்துக்காகவும் வைக்கப்படுகின்றது.

பெட்டியை வாசலில் விட்டுச் செல்வதில் ஒரு நன்மையும் உண்டு. அண்டை நாடாகிய ஜப்பானில் பொதியைக் கையில் கொடுப்பதே நெடுநாள் வழக்கம். ஆளில்லாத வீட்டுக்கு இரண்டாம் முறை செல்ல வேண்டியிருக்கும். 2017-இல் அங்கு எடுத்த கணக்கின்படி, நூற்றுக்குப் பதினைந்து பொதிகள் இவ்வாறு மறுமுறை சென்றன. வீண் பயணம், வீண் எரிபொருள், வீண் உழைப்பு. கொரிய மக்கள் வாசலில் கிடக்கும் பிறர் பொருளைத் தொடுவதில்லை என்னும் நம்பிக்கையால் அந்த வீண் பயணம் பெரிதும் தவிர்க்கப்படுகின்றது. மக்களின் நேர்மை எரிபொருளையும் சேமிக்கும் என்பதை நாங்கள் அங்கேதான் உணர்ந்தோம்.

தொடக்கத்தில் இக்குளிரைக் காத்தவை தெர்மக்கோல் பெட்டிகளே. தெர்மக்கோல் என்பது பெரும்பாலும் காற்றுதான்; நெகிழியின் நுண்ணறைகளில் அடைபட்ட காற்று. அதனால்தான் அது வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆனால் ஒருமுறை பயன்பட்டபின் இடத்தை அடைக்கும் குப்பையாகி, உடைந்து பொடியாகி, ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேருகின்றது.

அதனினும் தந்திரமாகத் தீங்கு செய்தது பனிக்கூழ்ப் பை. நீரைத் தன் எடையைப்போல் பன்மடங்கு உறிஞ்சும் ஒருவகை நெகிழித்தூளை நீரில் கலந்தால், அது கூழாகிவிடும். உறைய வைத்தால் வெறும் பனிக்கட்டியைவிட மெல்ல உருகும். குழந்தைகளின் அணையாடையில் உள்ளதும் இத்தகைய பொருளே. 2019-ஆம் ஆண்டில் மட்டும் கொரியாவில் இவ்வகைப் பைகள் சுமார் 21 கோடி உற்பத்தியாயின என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் கணக்கிட்டது. அவற்றுட் பெரும்பகுதி குப்பையோடு குப்பையாய்ப் போயிற்று. ஒரு பகுதியை மக்கள் வெட்டிச் சாக்கடையில் ஊற்றினர். அது நுண்நெகிழியாக நீர்நிலைகளில் கலந்தது. எரிப்பதும் கடினம், ஏனெனில் அதில் பெரும்பங்கு நீர். புதைத்தாலும் இயற்கையில் சிதைவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என அமைச்சகம் எச்சரித்தது.

அரசு சட்டத்தால் தடுக்கவில்லை, விலையால் தடுத்தது. 2022 முதல் இக்கூழுக்குக் கிலோ ஒன்றுக்கு 313 வான் கழிவுக் கட்டணம் விதிக்கப்பட்டது. 300 கிராம் பை ஒன்றுக்கு ஏறத்தாழ 94 வான். இதனால் கூழ்ப் பைக்கும் வெறும் நீர் நிரப்பிய பைக்கும் இடையிலிருந்த விலை வேறுபாடு மறைந்தது. நிறுவனங்கள் நீருக்குத் திரும்பின. பனிக்கட்டிக்கு எந்த மாயப்பொடியும் தேவையில்லை, வாசகர்களே! ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது விழுங்கும் வெப்பம், நான்கு லிட்டர் நீரை இருபது டிகிரி குளிர்விப்பதற்குச் சமம். பயன் முடிந்ததும் பையை வெட்டி, நீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம். சொபிங்கோவில் பனிப்பாளம் அடுக்கியவர்கள் நம்பியிருந்ததும் இந்த நீரைத்தானே!

ஏற்கெனவே வீடுகளில் குவிந்திருந்த கூழ்ப் பைகளை என் செய்வது? சியோலிலும் பிற ஊர்களிலும் வட்டார அலுவலகங்கள் சேகரிப்புப் பெட்டிகளை வைத்தன. வந்து சேர்ந்த பைகளைக் கழுவித் தூய்மை செய்து, பழைய சந்தைகளில் மீனும் இறைச்சியும் விற்கும் சிறு வணிகர்களுக்கு இலவசமாக வழங்கின. பெருநிறுவனத்தின் கழிவு, சிறுவணிகரின் உதவியாயிற்று.

தாளும் திரும்பி வரும் பையும்

தெர்மக்கோலுக்கு மாற்றாக இரண்டு வழிகளை அங்கே கண்டோம்.

முதலாவது தாள். 2019 செப்டம்பரில் கர்லி நிறுவனம் தன் பொதிகளை எல்லாம் தாளுக்கு மாற்றத் தொடங்கிற்று. உறைந்த பொருளுக்கான தெர்மக்கோல் பெட்டி, நெகிழிப் பை, ஒட்டும் நாடா, பனிக்கட்டிப் பை ஆகிய யாவும் தாளாயின. தாளை மீண்டும் தாளாக்கலாம். 1995-லிருந்து குப்பையின் அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்திப் பழகிய மக்களாதலால், கொரியர் தாளைப் பிரித்துக் கொடுப்பதில் கைதேர்ந்தவர்கள். ஆயினும் தாளும் மரத்திலிருந்து வருவதே. அதை ஆக்கவும் மீண்டும் கூழாக்கவும் நீரும் மின்சாரமும் வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் பொருள், எதனால் ஆனதாயினும், ஒருமுறைப் பொருளே.

இரண்டாவது, திரும்பி வரும் பை. 2020 முதல் கூபாங் நிறுவனம் வெப்பங்காக்கும் பைகளில் பொருளைத் தருகின்றது. வெறும் பையை மடித்து வாசலில் வைத்தால், அடுத்த முறை வரும் பணியாளர் அதை எடுத்துச் செல்வார். கர்லியும் 2021-இல் வாடிக்கையாளர் தம் வாசலிலேயே நிலையாக வைத்துக்கொள்ளும் பெட்டி ஒன்றை அறிமுகம் செய்தது. பால்காரர் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு நிறைந்த பாட்டிலை வைத்துச் செல்லும் பழைய முறைதான் இது. நமக்கொன்றும் புதிதன்று.

இவ்வழியே சிறந்தது என்று எங்களுக்குத் தோன்றிற்று. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. தடித்த பையைச் செய்வதற்குத் தாள் பெட்டியைவிட அதிகப் பொருளும் ஆற்றலும் செலவாகின்றன. அது பலமுறை சென்று திரும்பினால்தான் அச்செலவு ஈடாகும். வீட்டின் மூலையில் முடங்கிக் கிடந்தால் நட்டமே. அதனைக் கழுவிக் காயவைக்கவும் வேண்டும். இப்பைகளில் வீட்டுக் குப்பையைப் போட்டுத் திருப்பி வைப்போரும் உண்டு என்னும் செய்தி அந்நாட்டு இதழ்களில் வந்ததாக எங்கள் நண்பர் வருத்தத்தோடு கூறினார். எவ்வளவு நல்ல ஏற்பாடாயினும், இறுதியில் அது வாசற்கதவுக்குப் பின்னால் இருப்பவரின் பண்பைப் பொறுத்தே நிற்கின்றது.

வண்டிக்குள் ஒளிந்திருக்கும் வாயு

கண்ணுக்குத் தெரியும் குப்பையைப் பற்றிக் கூறினோம். தெரியாத ஒன்றும் உண்டு. குளிர்பதன வண்டியிலும் கிடங்கிலும் வெப்பத்தை வெளியேற்றுவதற்கு ஒருவகை வாயு குழாய்களுக்குள் சுற்றி வருகின்றது. இவ்வண்டிகளில் நெடுங்காலம் பயன்பட்டுவந்த ஒரு கலவை, கசிந்து வெளியேறினால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 3,900 மடங்கு புவியைச் சூடாக்கும். குண்டும் குழியுமான சாலையில் நாள்தோறும் அதிரும் வண்டியில் கசிவு நேர்வது அரிதன்று. பூமியைச் சூடாக்கி மீனைக் குளிர்விக்கின்றோம். இதைவிட முரண் வேறென்ன?

இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016 அக்டோபரில் ருவாண்டா நாட்டுக் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. கொரியாவும் இந்தியாவும் அதனை ஏற்றுள்ளன. மாற்று வழிகளும் உண்டு. பெரிய கிடங்குகளில் அம்மோனியா. பிற இடங்களில் புரோப்பேன், கரியமில வாயு. இவை புவியைச் சூடாக்குவது மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. வண்டிகளைப் பொறுத்தவரை, கொரியாவில் காற்றுத் தூய்மைக்கான மண்டலங்களில் 2024 சனவரி முதல் பொதி விநியோகத்துக்குப் புதிதாக டீசல் வண்டியைப் பதிவு செய்ய இயலாது. எரிவாயு வண்டியோ மின் வண்டியோதான் வாங்க வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. குளிர்பதனமே குற்றம் என்று கூறிவிட முடியாது. குளிர்பதன வசதியின்மையால் 2017-இல் உலகில் 52 கோடி டன்னுக்கு மேற்பட்ட உணவு, மொத்த உற்பத்தியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு, வீணாயிற்று என ஐ.நா. அமைப்புகள் 2022-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. பசியால் வாடுவோர் நிறைந்த உலகில் இது எத்துணைப் பெரிய இழப்பு! குளிரை விலக்குவது அன்று, வீணாக்காமல் இருப்பதே வேண்டப்படுவது.

வீதியில் செல்லும் பெண்மணிகள்

சியோலின் நடைபாதைகளில் ஒரு காட்சி எங்கள் மனத்தை மிகவும் கவர்ந்தது. நடுவயதுப் பெண்கள், சீருடையும் தொப்பியும் அணிந்து, குளிர்சாதனப் பெட்டி பொருத்திய சிறு மின்வண்டியின் மேல் நின்றபடி, மெல்ல மெல்லச் சென்றுகொண்டிருந்தார்கள். வழியில் காண்போரெல்லாம் அவர்களை வணங்கி நலம் கேட்டனர். புளித்த பால் பானத்தை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் பெண்கள் இவர்கள் என்று நண்பர் விளக்கினார்.

கொரிய யாகுல்ட் நிறுவனம் 1971-இல் 47 பெண்களோடு இப்பணியைத் தொடங்கிற்று. பின்னர் அவர்கள் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. முதலில் தோளில் சுமந்தார்கள். பிறகு தள்ளுவண்டியில் பனிக்கட்டியோடு சென்றார்கள். 2014-இன் இறுதியில் மின்கலத்தால் இயங்கும் குளிர்வண்டி வந்தது. அது மணிக்கு எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. வேகமாக நடப்பவர் அதனோடு கூடவே செல்லலாம். புகையில்லை, தெர்மக்கோல் இல்லை, கூழ்ப் பை இல்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். வாங்கியவர் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார். இடையில் காத்திருக்கும் நேரம் இல்லையாதலால், இடையில் பனிக்கட்டியும் தேவையில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். தனித்து வாழும் முதியோரின் வீடுகளுக்கு இப்பெண்கள் செல்லும்போது, நேற்று வைத்த பானம் எடுக்கப்படாமல் இருந்தால் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். பதில் இல்லையேல் வட்டார அலுவலகத்துக்குத் தெரிவிப்பார்கள். 1994-இல் சியோலின் ஒரு வட்டாரத்தில் தொடங்கிய இவ்வேற்பாடு பின்னர்ப் பல ஊர்களுக்கும் பரவியது. பொருள் மட்டுமன்று, ஒரு மனிதரும் வாசலுக்கு வருகிறார் என்பதால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் உண்டு.

இரவில் உழைப்போர்

விடியற்காலைப் பெட்டியைக் கொண்டுவருபவரை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. பத்து நாள் தங்கியிருந்தும் ஒருவர் முகத்தையும் அறியோம். ஊர் உறங்கும்போது மாடி மாடியாக ஏறி இறங்கும் அவர்களுடைய உடல், பனிக்கட்டியைப்போல் மெல்ல மெல்லக் கரைகின்றது. 2020-ஆம் ஆண்டில், நோய்த்தொற்றால் வீட்டிலிருந்தே யாவரும் பொருள் வாங்கிய நாளில், பத்துக்கு மேற்பட்ட பொதித் தொழிலாளர் மிகையுழைப்பால் மாண்டனர் எனத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. அவ்வாண்டு ஆகஸ்டு 14 முதன்முறையாகப் ‘பொதியில்லா நாள்’ எனப் பொதித் தொழிலாளர் ஓய்வுக்கு ஒதுக்கப்பட்டது. 2021-இல் வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல் உழைப்பு கூடாது என்னும் உடன்பாடு ஏற்பட்டது. 2025-இன் பிற்பகுதியில், நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை விநியோகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று தொழிலாளர் தரப்பில் எழுந்த கோரிக்கை நாடெங்கும் பெரும் விவாதமாயிற்று.

இதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. இரவில் சாலைகள் காலியாயிருப்பதால் வண்டி நில்லாமல் செல்கின்றது, எரிபொருள் மிச்சம். இரவுப் பணியின் கூடுதல் ஊதியத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால் நம் வீட்டில் யாரேனும் கையில் வாங்கக்கூடிய நேரத்தில் பொருள் வந்தால், பனிக்கட்டியும் குறையும், பெட்டியும் மெலியும், ஒரு மனிதர் தம் வீட்டில் உறங்கவும் முடியும். பூமிக்கு நன்மை செய்வதும் தொழிலாளிக்கு நன்மை செய்வதும் இங்கே ஒரே வழியில் அமைந்திருப்பதை நண்பரின் குடும்பத்தோடு இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

நாம் செய்யக்கூடியவை

புறப்படும் முன் அவ்வீட்டார் தமக்குள் ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டார்கள். நாள்தோறும் சிறிது சிறிதாகப் பதிவு செய்யாமல், வாரத்துக்கு இருமுறை மொத்தமாகப் பதிவு செய்வது. திரும்பும் பையைத் தருவோரிடமே வாங்குவது. பையைத் துடைத்து உடனே வாசலில் வைப்பது. அவசரமில்லாத பொருளைப் பகல் நேரத்துக்குக் கேட்பது. கீரையையும் முட்டையையும் கீழேயுள்ள சந்தையில் நடந்து சென்று வாங்கும் பொறுப்பை அச்சிறுவன் ஏற்றுக்கொண்டான். “கூழ்ப் பை இனி வந்தால் மீன்காரப் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்” என்றும் சொன்னான்.

இவை சிறியவை என்று எண்ணற்க. நம் நகரங்களிலும் பாலும் மீனும் இறைச்சியும் கைப்பேசியில் தட்டிய சில நிமிடங்களில் வாசலுக்கு வருகின்றன. கொரியர் ஐந்தாறு ஆண்டுகள் பட்டுத் தெளிந்ததை நாம் படாமலே தெளியலாம். பத்து நிமிடத்தில் வந்தாக வேண்டுமா, ஒரு மணி நேரம் பொறுக்கலாமா என்று தட்டுவதற்கு முன் ஒருகணம் எண்ணுவோம். நான்கு முறை வருவதை ஒருமுறையாக்குவோம். வந்த பனிக்கட்டிப் பையைக் குப்பையில் எறியாமல் கழுவி வைத்து, அடுத்த தெருவில் தலைச்சுமையாக மீன் விற்கும் அம்மாளுக்குக் கொடுப்போம். கொண்டுவந்த தம்பிக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்போம். இவ்வளவும் செய்வதற்கு நமக்குச் செலவாவது சில நிமிடங்களே.